உங்கள் தண்ணீருக்கு ஏற்ற கைக்கடிகாரம்

கடைக்குப் போகுமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் நீந்துவது எந்தத் தண்ணீரில்? சேலம், நாமக்கல் சமவெளியில் நீச்சலுக்கு நான்கு விதமான தண்ணீர் இருக்கிறது. தோட்டத்துக் கிணறு, மழைக்கு நிறையும் ஏரி, பூலாம்பட்டிப் பக்கம் கதவணைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் காவிரி, ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாக இழுத்துக்கொண்டு ஓடும் காவிரி. ஏரியில் சரியாக அளக்கும் கடிகாரம் கிணற்றில் ஒன்றும் காட்டாது. தேங்கிய நீரில் நம்பத்தக்க எண், ஓடும் ஆற்றில் ஆளை ஏமாற்றும். ஆகவே விலையையும் பிராண்டையும் பிறகு பார்ப்போம், முதலில் தண்ணீர்.

கடிகாரம் எதற்கு?

ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், 12 வயதில், பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்து, மொத்தம் ஆறு நீரிணைகளை ஒரே ஆண்டில் முடித்தார். அன்று தூரத்தையும் வேகத்தையும் சொல்லும் நீச்சல் கடிகாரம் யாருடைய மணிக்கட்டிலும் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அப்போதும் மேலே சுற்றிக்கொண்டிருந்தாலும், பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்தத் தடை விலகிய பிறகுதான் சாதாரணக் கருவிகளுக்கும் சில மீட்டர் துல்லியம் கிடைத்தது.

நீரிணை கடப்பவருக்குக் கடிகாரத்தின் வேலையைப் பக்கத்தில் வரும் படகு செய்துவிடும். படகில் இருப்பவர் நேரம் பார்ப்பார், நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுவார், வீச்சு தளர்ந்தால் ஆகாரம் கொடுப்பார், திசை தவறினால் சத்தம் போடுவார். விடிகாலையில் ஒரு கூட்டாளியோடு ஆற்றுக்குப் போகும் நமக்கு அந்தப் படகு கிடையாது. அதன் வேலைகளில் மூன்றையாவது கடிகாரம் செய்ய வேண்டும்:

1. நீரில் இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும்.
2. திரும்ப வேண்டிய நேரம் வந்ததும் மணிக்கட்டில் அதிர்ந்து உணர்த்த வேண்டும்.
3. கைவீச்சு தளர்கிறதா என்று காட்ட வேண்டும்.

தூரம், வேகம், இதயத் துடிப்பு, வரைபடம் எல்லாம் இதற்குப் பிறகு. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யாத கடிகாரம், ஓடும் ஆற்றுக்கு என்ன விலையானாலும் வேண்டாம்.

தண்ணீர் புகாது என்றால் எவ்வளவு?

கடையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

“இதைப் போட்டுக்கிட்டு ஆத்துல நீந்தலாங்களா?”

“தாராளமாப் போடலாங்ணா. ஐபி 68 இருக்குதுங்க.”

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஐபி 68 என்பது தூசிக்கும், அசையாத நல்ல நீரில் குறிப்பிட்ட நேரம் மூழ்கி இருப்பதற்கும் தரப்படும் மதிப்பீடு. ஆழமும் நேரமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மணிக்கணக்கில் கையை வீசி நீரை அறைவதை அது கணக்கில் எடுப்பதில்லை. நீச்சலுக்கு நீங்கள் தேட வேண்டியது 5 ஏடிஎம் அல்லது 50 மீட்டர் என்ற குறி. கைக்கடிகாரங்களின் நீர்த்தாங்கும் திறனுக்கென உள்ள ஐஎஸ்ஓ 22810 தரத்தையும் பெட்டியின் பின்புறத்திலோ கையேட்டிலோ பாருங்கள்.

50 மீட்டர் என்பதை 50 மீட்டர் ஆழத்துக்கு முக்குளிக்கலாம் என்று படிக்கக் கூடாது. அந்த ஆழத்தின் அழுத்தத்தை ஆய்வகத்தில் அசையாமல் தாங்கியது என்பதே பொருள். நீர்ப்பரப்பில் நீந்துவதற்கு அது போதும். கிணற்று மேட்டிலிருந்து குதித்துப் பழகியவர்களும் ஆழத்தில் முங்கி எழும் பழக்கமுள்ளவர்களும் 10 ஏடிஎம் கடிகாரத்துக்குப் போவது நல்லது.

ஜிபிஎஸ் ஆற்றுக்குள் என்ன செய்கிறது?

செயற்கைக்கோள் சமிக்ஞை மிக மெலிந்தது. ஓரிரு அங்குல நீரைக்கூட அதனால் தாண்ட முடியாது. கை நீருக்குள் இருக்கும்வரை கடிகாரத்துக்குக் கண் கிடையாது. முன்வீச்சு நீச்சலில் நிமிடத்துக்கு 60 வீச்சு என்றால் கடிகாரம் கட்டிய கை இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் வெளியே வரும், அதுவும் வினாடிக்கும் குறைவான நேரம். அந்தச் சின்ன இடைவெளியில் கிடைத்த புள்ளிகளைச் சேர்த்து, தவறானவற்றைக் கழித்து, கடிகாரம் ஒரு கோடு போடுகிறது. இந்தக் கணக்கைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் ‘திறந்தவெளி நீச்சல்’ முறை என்று பெயர். அது இல்லாத கடிகாரத்தில் ஓட்ட முறையை வைத்து நீந்தினால், கோடு கரையேறி வயலுக்குள் போய் வரும்.

‘நீச்சல் வசதி உண்டு’ என்று பெட்டியில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள். கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 55 கடிகாரத்தில் ஜிபிஎஸ் உண்டு, 5 ஏடிஎம் உண்டு, நீச்சல் முறையும் உண்டு. ஆனால் அந்த முறை நீச்சல் குளத்துக்கு மட்டுமானது. அதே வரிசையில் வந்த ஃபோர்ரன்னர் 255 திறந்தவெளி நீச்சலையும் அளக்கும். வெளித் தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடைக்காரரிடம் கடிகாரத்தைக் கையில் வாங்கி, செயல்பாடுகளின் பட்டியலைத் திறந்து, ‘ஓப்பன் வாட்டர்’ என்ற வரி இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

மலிவான ஸ்மார்ட்வாட்ச்சுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘ஜிபிஎஸ்’ என்று போட்டிருப்பார்கள். உண்மையில் அது உங்கள் செல்போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குவதாக இருக்கும். செல்போன் கரையில் இருக்க, நீங்கள் ஆற்றுக்குள் இருந்தால் அது எதை அளக்கும்? ஜிபிஎஸ் கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுத் தெளியுங்கள்.

இரட்டை அலைவரிசை (எல்1, எல்5) உள்ள கடிகாரங்கள் விலை கூடியவை. உயர்ந்த கட்டடங்களுக்கும் மலைச்சரிவுகளுக்கும் இடையே அவற்றால் பயன் அதிகம். பரமத்தி வேலூர்ப் பக்கம் வானம் அகலத் திறந்திருக்கிறது. அங்கே ஒற்றை அலைவரிசையே போதும். அந்தப் பணத்தை வேறு வசதிக்குச் செலவிடுங்கள்.

தவளை நீச்சல்காரர்களுக்கு

நம் ஊரில் கிணற்றிலும் ஆற்றிலும் தாமாகக் கற்றவர்கள் பலர் தலையை நீருக்கு மேலே வைத்து, கையை நீருக்கு அடியிலேயே விரித்து நீந்துகிறார்கள். தவளை நீச்சலிலும் மணிக்கட்டு வெளியே வருவதில்லை. இவர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கடிகாரமும் தூரத்தைச் சரியாகச் சொல்லாது. இதற்கு ஒரு வழி உண்டு. இடுப்பில் கட்டி இழுத்துவரும் காற்றுமிதவையின் மேற்பையில் கடிகாரத்தை வைத்து, நீச்சல் முறைக்குப் பதில் பொதுவான வெளிப்புறச் செயல்பாட்டு முறையில் ஓடவிடுங்கள். மிதவை எப்போதும் நீருக்கு மேலே இருப்பதால் கோடு சுத்தமாக விழும். அப்போது அதிர்வு எச்சரிக்கையை உணர முடியாது. நேரம் பார்க்க மணிக்கட்டில் நீர் புகாத சாதாரணக் கடிகாரம் ஒன்று தேவைப்படும்.

ஓடும் ஆற்றில் வேகம் பொய் சொல்லும்

ஜிபிஎஸ் அளப்பது கரையை வைத்து நீங்கள் நகர்ந்த தூரத்தை. நீரைப் பிளந்து நீங்கள் நீந்திய தூரம் அதற்குத் தெரியாது. ஏரியில் இரண்டும் ஒன்று. காவிரியில் வேறு.

ஒரு கணக்குப் போடுவோம். அசையாத நீரில் 100 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடியில் நீந்துபவர் நீங்கள். ஆறு வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கரையிலிருந்து பார்த்தால் சோம்பலாகத் தெரியும் நீரோட்டம்தான். நீரோடு போகும்போது கடிகாரம் 100 மீட்டருக்கு 1 நிமிடம் 43 வினாடி காட்டும். உற்சாகமாக இருக்கும். திரும்பி எதிர்நீச்சல் போட்டால் அதே 100 மீட்டருக்கு 4 நிமிடம் 33 வினாடி பிடிக்கும். 500 மீட்டர் கீழே போய், 500 மீட்டர் மேலே வர ஏரியில் 25 நிமிடம் போதும். இந்த ஆற்றில் போக ஏறக்குறைய 9 நிமிடம், திரும்ப ஏறக்குறைய 23 நிமிடம், மொத்தம் 31 நிமிடத்துக்கு மேல். நீரோட்டம் வினாடிக்கு 0.67 மீட்டரைத் தொட்டால், அதாவது ஒருவர் மெல்ல நடக்கும் வேகத்தை எட்டினால், நீங்கள் எவ்வளவு வீசினாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

இதிலிருந்து ஆற்று நீச்சல்காரருக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, முதலில் எதிர்நீச்சல் போடுங்கள். களைத்த பிறகு திரும்பி வருகையில் ஆறு உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டாவது, திரையில் வேகத்தை வைக்காதீர்கள். கழிந்த நேரத்தையும் நிமிடத்துக்கான கைவீச்சையும் வையுங்கள். வேகத்தை ஆறு மாற்றும், கைவீச்சை உங்கள் உடம்புதான் மாற்றும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 56 இருந்தது பாதி வழியில் 48 ஆகிவிட்டால் தெம்பு குறைகிறது என்று பொருள், கரைக்குத் திரும்புங்கள். பல கடிகாரங்கள் தாம் கட்டப்பட்டிருக்கும் கையின் வீச்சை மட்டும் எண்ணும். வாங்கியதும் ஒரு நிமிடம் நீங்களே எண்ணிப் பார்த்து, அது ஒரு கையைச் சொல்கிறதா, இரு கையையும் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிணற்று நீச்சல்

கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையும், இப்போது பிளாஸ்டிக் கேனும் கட்டி நீச்சல் பழகும் இடம் கிணறு. நான்கு பக்கமும் பாறைச் சுவர். மேலே தெரிவது ஒரு சதுர வானம். இடம் கணிக்க ஒரே சமயத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும், அவையும் வானில் பரவி இருக்க வேண்டும். கிணற்றுக்குள் அது நடக்காது. குளத்து முறையும் சரிப்படாது: அந்த முறை, சுவரை உதைத்துத் திரும்பும் அசைவை வைத்துச் சுற்றுகளை எண்ணுகிறது, குளத்தின் நீளத்துக்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு, நம் கிணறுகளில் பல அதற்கு எட்டாதவை.

ஆகவே கிணற்றில் மட்டும் நீந்துபவர் ஜிபிஎஸ் கடிகாரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். 10 பார் (அதாவது 10 ஏடிஎம்) என்று குறித்த, நிறுத்துகடிகாரமும் இறங்குமுக எண்ணிக்கையும் உள்ள எளிய டிஜிட்டல் கடிகாரம் எல்லா வேலையையும் செய்யும். ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று மட்டும் எழுதி அளவு குறிக்காத கடிகாரம் முகம் கழுவத்தான் தாங்கும்.

இதயத் துடிப்பு

கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை ஒளி, தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் துடிப்பைக் கணிக்கிறது. நீந்தும்போது பட்டைக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும். எண் தாவிக் குதிக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்குபவர்களுக்கு இது இன்னும் மோசம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, சற்று இறுக்கிக் கட்டினால் ஓரளவு சீராகும்.

துடிப்பை வைத்துத்தான் பயிற்சி என்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். புளூடூத் அலை நீருக்குள் போகாது என்பதால், நீச்சலுக்கான பட்டைகள் சில துடிப்பைத் தம்முள் சேமித்துக்கொண்டு கரையேறிய பிறகு கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. சேமிக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது அவசியமில்லை.

பொத்தான், திரை, பட்டை

ஈரத்தில் தொடுதிரை வேலை செய்யாது. தண்ணீர்த் துளியையே விரல் என்று எண்ணிக்கொள்ளும். தொடங்க, நிறுத்த, சுற்றைக் குறிக்கப் பொத்தான் உள்ள கடிகாரத்தையே எடுங்கள். ஈரக் கையால் கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

காலை 7 மணிக்குமேல் நம் வெயில் கண்ணைக் கூசவைக்கும். சூரிய ஒளி படப்படத் தெளிவாகும் வகைத் திரைகள் ஆற்றுக்கு நல்லவை. மின்கலமும் அதிக நேரம் வரும். பளபளக்கும் அமோலெட் திரை வேண்டுமென்றால் கடைக்கு வெளியே வெயிலில் நின்று, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துப் பாருங்கள். எண் பெரிதாக இருக்கட்டும். ஒரு திரையில் இரண்டு எண் போதும்.

பட்டை சிலிக்கானாக, துளையில் கொக்கி மாட்டும் வகையாக இருக்கட்டும். காந்தப் பட்டையும் ஒட்டுப் பட்டையும் நீரில் நழுவும். காவிரி மணலில் விழுந்த கடிகாரம் திரும்பக் கிடைக்காது.

எந்தத் தண்ணீருக்கு எது?

• கிணறு மட்டும்: 10 பார் டிஜிட்டல் கடிகாரம். ஜிபிஎஸ் வேண்டாம்.

• ஏரி, கதவணைத் தேக்கம்: உள்ளேயே ஜிபிஎஸ், திறந்தவெளி நீச்சல் முறை, 5 ஏடிஎம், பொத்தான், அதிர்வு எச்சரிக்கை. இங்கே தூரமும் வேகமும் நம்பத்தக்கவை. முன்னேற்றத்தை மாதாமாதம் ஒப்பிடலாம்.

• ஓடும் ஆறு: மேலே சொன்னவற்றோடு, கைவீச்சு வீதத்தைத் திரையில் வைக்கும் வசதியும், இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும் வசதியும் கட்டாயம்.

• டிரையத்லான் அல்லது கடல் போட்டிக்குத் தயாராகிறவர்: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே பதிவில் சேர்க்கும் முறை, நீண்ட மின்கலம். போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் அதன் விதிகளில் கடிகாரத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்.

வாங்கிய வாரத்தில் செய்ய வேண்டியவை

மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். முதலில் 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்தில் முதல் தடத்தில் இரண்டு சுற்று நடந்து, 800 மீட்டருக்கு எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு தேங்கிய நீரில் சோதனை. செல்போனின் செயற்கைக்கோள் வரைபடத்தில், உங்கள் படித்துறைக்கும் தெளிவாகத் தெரியும் ஒரு பாறைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தைக் கரையோரமாக நீந்திப் போய் வாருங்கள். 1,000 மீட்டருக்கு 50 மீட்டர் கூடவோ குறையவோ காட்டினால் கவலை வேண்டாம். நீங்கள் கோணலாக நீந்தியிருந்தால் கூடுதல் தூரம் உங்களுடையதே.

வீட்டிலேயே செல்போனோடு இணைத்துச் செயற்கைக்கோள் விவரங்களைப் புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள். கரையில் கையை அசைக்காமல் நின்று, இடம் பிடிபட்டது என்று காட்டிய பிறகே இறங்குங்கள். அவசரப்பட்டு இறங்குவதால்தான் முதல் 200 மீட்டர் பலருக்குக் காணாமல் போகிறது.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். காவிரி வண்டல் பொத்தான் இடுக்கில் சேர்ந்தால் அழுத்தம் மாறும். சோப்பு, சீயக்காய், ஷாம்பு எதுவும் படாமல் பாருங்கள். ரப்பர் வளையங்களுக்கு அவை ஆகாது. மின்னேற்றும் முனைகளைத் துடைத்து உலர்த்திய பிறகே மின்னேற்றுங்கள். நீந்தி முடித்துக் கடிகாரத்தைச் சுடும் பாறைமேலோ கார் முகப்பிலோ வைக்காதீர்கள். லித்தியம் மின்கலத்துக்குச் சேலத்துச் சித்திரை வெயில் பகை. மின்கலம் மாற்ற யாராவது பின்மூடியைத் திறந்தால், ரப்பர் வளையத்தையும் மாற்றி அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். அதைச் செய்ய வசதியில்லாத இடத்தில் நீச்சல் கடிகாரத்தைத் திறக்கக் கொடுக்காதீர்கள்.

கடிகாரத்தால் முடியாதவை

ஆறு எப்போது பெருகும் என்று எந்தக் கடிகாரமும் சொல்லாது. அதைச் சொல்வது மேட்டூர் அணையின் நீர்த்திறப்பு விவரம். முழு நீர்மட்டமான 120 அடியில் 93.47 டிஎம்சி நீரைத் தேக்கும் அந்த அணையிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது தினமும் செய்தியில் வருகிறது. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டிய நாட்களிலும், கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் வரும் ஆடி, ஆவணியிலும் இதைப் பார்க்காமல் ஆற்றில் இறங்காதீர்கள். வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் கடிகாரம் மேசைமேலேயே இருக்கட்டும்.

அணைப் பகுதியிலும் கதவணை மதகுகளின் அருகிலும் நீந்தவே கூடாது. கதவு திறந்தால் தேங்கிய நீர் நொடியில் ஓடும் நீராகிவிடும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. பண்ணவாடிப் பக்கம் நீர்மட்டம் இறங்கினால் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மட்டம் உயர்ந்திருக்கும்போது அவை போன்ற கட்டுமானங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. எந்த இடமானாலும் நீர்வளத் துறையோ காவல்துறையோ தடைப்பலகை வைத்திருந்தால் அங்கே இறங்க வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்பதை உள்ளூர் மீனவர்களிடமும் பரிசல்காரர்களிடமும் கேளுங்கள். “அண்ணா, இந்தத் துறையில இழுப்பு எப்படிங்க?” என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில், எந்தச் செயலியிலும் கிடைக்காது.

கடிகாரத்தின் அவசர அழைப்பு வசதியையும் ஆற்றுக்குள் நம்பாதீர்கள். பெரும்பாலான கடிகாரங்கள் பக்கத்தில் செல்போன் இருந்தால்தான் அழைக்கும். கரையில் நிற்கும் கூட்டாளியிடம் செல்போன் இருக்கட்டும். 112ம் 108ம் அவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும். நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைச் செலவிடும் வரிசை இதுதான்: முதலில் கண்ணில் அடிக்கும் நிறத்தில் ஒரு காற்றுமிதவை, அடுத்து பளிச்சென்ற தொப்பியும் நல்ல நீச்சல் கண்ணாடியும், பிறகு தேர்ந்த ஒருவரிடம் பத்து நாள் பயிற்சி. இவை போக மிஞ்சுவதில் கடிகாரம். கையிருப்பு குறைவென்றால் சாதாரண 10 பார் கடிகாரத்தோடு இந்தப் பருவத்தைத் தொடங்குங்கள். தினமும் ஒரே தேங்கிய நீரில், ஒரே தூரத்தை, நேரம் குறித்து நீந்தி நோட்டில் எழுதிவந்தால், உங்களுக்கு எந்த அளவு உண்மையில் தேவை என்பது அந்த நோட்டிலிருந்தே தெரியும். அடுத்த கடிகாரத்தை அதைப் பார்த்து வாங்குங்கள்.